ஏணிக்கும் மீனுக்கும் மாறிப்போன சாவி

ஜெராக்ஸ் கடை வைக்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. தாளுக்குத் தலை எது, கால் எது என்று தெரிந்தால் போதும். நான் அஞ்சாவதோடு நின்றவள். தமிழைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பேன். இங்கிலீஷில் ஏ, பி, சி, டி நாலும் நல்ல பழக்கம். பேங்க் பரிட்சைக்கு அஞ்சு விடை போடுகிறார்கள். அந்த அஞ்சாவது எழுத்தை மூணு பல் சீப்பு என்று அடையாளம் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் சேர்த்து எழுதினால் எனக்கு எல்லாமே எறும்பு வரிசைதான்.

கடை திருச்செங்கோட்டில், ஒரு கோச்சிங் சென்டரின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு வேலைக்குப் போய் இடுப்பைக் கெடுத்துக்கொண்டு திரும்பிய வருஷம் பழைய மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டோம். மேலே சார் இங்கிலீஷ் நடத்துவார், கீழே நான் அதை நகல் எடுப்பேன். பரிட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் என்னை அக்கா என்பார்கள். ஐம்பத்தெட்டு வயசுக்காரிக்கு அது அவர்கள் போடும் கருணை மார்க்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது இப்படி ஒரு கடை வாசலில் வரிசையில் நின்று, சூடு ஆறாத தாளைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடியவர்கள்தான். அதனால் உங்களிடம் சொல்லலாம். ஒரு பெண்ணின் பரிட்சை என் மேசையில் கெட்டுப்போனது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் முதலில் இருந்து வந்தால்தான் சொல்ல வரும்.

சாவியை விட்டுவிட்டுப் போனவன்

சார் கொடுக்கும் ஒவ்வொரு செட்டிலும் முன்னால் ஒரு பாசேஜ் இருக்கும், அதாவது ஒரு பக்கத்துக்கு ஏதாவது கதையோ கட்டுரையோ. அதன் கீழே இருபது கேள்வி. கடைசியில் விடைத் தாள். அதைப் பிள்ளைகள் கீ என்பார்கள், நான் சாவி என்பேன். பிரகாஷ் என்று ஒரு பையன், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், சாயங்காலம் மாடியில் கிளாஸ். ஒருநாள் செட்டை வாங்கியவன் சாவியை மட்டும் கிழித்து என் மேசை மேல் வைத்தான். முதல் கேள்வியிலேயே கண் தானாகப் பின்பக்கம் போய்விடுகிறதாம். எழுதி முடித்துவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான்.

அதைப் பார்த்து மாடியில் இருக்கிற அத்தனை பேரும் சாவியை என்னிடம் விட்டுப் போக ஆரம்பித்தார்கள். முழுத் தாளாக அடுக்க இடம் ஏது? சாவியைச் சுருக்கி, ஒரு தாளில் எட்டு வருகிற மாதிரி எடுத்து, தலைப்பு வரியை வெட்டித் தள்ளிவிட்டு, துண்டுகளாக நறுக்கி டப்பாவில் போட்டு வைத்தேன். எந்தத் துண்டு எந்தச் செட்டுக்கு என்று தெரிய வேண்டுமே. செட்டின் மூலையிலும் துண்டின் மூலையிலும் பேனாவால் ஒரே படம் போட்டுவிடுவேன். வட்டம், குடை, நட்சத்திரம், கத்தரிக்காய். பிள்ளைகளும் "குடை செட் குடுங்கக்கா" என்றே கேட்கப் பழகிவிட்டார்கள்.

பிரகாஷ் மறுநாளே பாதி எழுதின தாளோடு வந்து கையை நீட்டினான். நான் டப்பாவை மூடி அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்தான். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "இதுதானுங்கக்கா கரெக்டு. நான் அழுதாலும் குடுத்துப்போடாதீங்க."

இங்கிலீஷ் அக்கா

வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். சொல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் கேட்க, ஒருத்தர் சொல்ல, காலையிலிருந்து அதே சத்தம். மில்லுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் மில் சத்தம் பழகிவிடுகிற மாதிரி எனக்கு அது பழகிவிட்டது. ஸ்கேர்ஸ் என்றால் பற்றாக்குறை. ஃப்ரூகல் என்றால் சிக்கனம். ரிலக்டன்ட் என்றால் மனசில்லாமல். தாளில் காட்டினால் தெரியாது, காதில் விழுந்தால் தெரியும்.

ஒருநாள் பிரகாஷ் ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நின்றான். ஆப்ஸ்டினேட், ஆப்ஸ்டினேட் என்று நாலு தரம் சொல்லிவிட்டான், அர்த்தம் வரவில்லை. நான் தாளை அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "பிடிவாதம், சாமி. உன்ற மாதிரி" என்றேன். வரிசை முழுக்கக் கைதட்டியது. அன்றைக்கு விழுந்த பெயர்தான் இங்கிலீஷ் அக்கா. புதிதாக வந்தவர்கள் எனக்குப் பெரிய படிப்பு இருக்கிறது என்றே நம்பினார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமா, அடுத்த வாரம் மூக்குக்கண்ணாடிக்குச் சங்கிலி வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன். அதைப் பார்த்த பிரகாஷ் சொன்னான்: "நீங்க ஹால் டிக்கெட்ட வாங்கிட்டு வாங்கக்கா, நாங்க உங்குளுக்கு ஜெராக்ஸ் போட்டுத் தாரோம்."

கப்பல் கரைக்கு வந்ததா?

கோகிலா குமாரபாளையத்துப் பெண். டிகிரி முடித்தவள். வீட்டோடு நாலு தறி. இரண்டை அப்பா பார்ப்பார், இரண்டை அவள். பேங்க் பரிட்சைக்குப் படிக்கிறேன் என்று அவள் சொன்னதும் அப்பா ஒரு கண்டிஷனோடு ஒத்துக்கொண்டார். அவள் தறிக்கு ஆறு மாசம் வெளியாள் போடுவது, இந்த ஒரு பரிட்சையை எழுதுவது, தேறினால் சந்தோஷம், தேறாவிட்டால் தறிக்குத் திரும்பிவிட வேண்டும், அப்புறம் அதைப் பற்றிப் பேச்சு எடுக்கக் கூடாது. கிளாஸில் சேர வீட்டில் தோது இல்லை. வாரம் ஒருநாள் பஸ் ஏறி வந்து என்னிடம் செட் மட்டும் வாங்கிப் போவாள். சாவியை என்னிடமே விட்டுவிட்டு, மறுவாரம் வந்து வாங்கி, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து திருத்துவாள். இருபதுக்குப் பதினாறு, பதினேழுக்குக் குறையவே குறையாது.

ஒருநாள் கரண்ட் போய் மிஷின் நின்றது. சும்மா இருந்த நேரத்தில், "அதுல என்னதான் போட்டிருக்குது அம்மிணி?" என்று கேட்டேன். அவள் இங்கிலீஷ் தாளைப் பார்த்தபடியே தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். கடல் நடுவில் ஒரு பாறை. அதன்மேல் கப்பலுக்கு வழி காட்டுகிற விளக்கு. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கிழவர் தனியாக இருக்கிறார். புயலில் விளக்கு அணைந்துவிடுகிறது. திரி தீர்ந்துபோச்சு. மனுஷன் தான் போர்த்தியிருந்த போர்வையைக் கிழித்துத் திரித்து ஏற்றுகிறார். கடலையே பார்க்காத எனக்கு அந்தக் குளிர் முதுகில் ஏறியது. தூரத்தில் ஒரு கப்பல் தெரிகிறது என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். "அப்புறம்? கப்பல் கரைக்கு வந்துச்சா இல்லியா?" என்றேன். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்: "பாசேஜ் அதோட முடிஞ்சு போச்சுங்கக்கா. இனி கேள்விதான்."

இரண்டு புதுச் செட்

பரிட்சைக்கு ஒரு மாசம் இருக்கும்போது சார் வேகமாகப் படியிறங்கி வந்து இரண்டு புதுச் செட் கொடுத்தார். அசல் பரிட்சை இந்தத் தரத்தில்தான் வரும், இதில் தேறினால் அங்கேயும் தேறலாம், வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லுங்கள் என்றார். எப்போதும் நான் ஸ்டேப்ளர் பின்னைப் பிரிப்பதற்கு முன்னே படத்தைப் போட்டுவிடுவேன். அன்றைக்கு வரிசை தெருவரைக்கும் நின்றது. அவசரத்தில் இரண்டையும் பிரித்து ஓட்டிவிட்டேன். பாசேஜ் ஒன்றுக்கு ஏணி, ஒன்றுக்கு மீன் என்று போட்டாகிவிட்டது. சாவி இரண்டும் தனியாகக் கிடந்தன. இரண்டிலும் இருபது விடை, இரண்டும் ஒரே நீளம். தலைப்பில் பாசேஜின் பெயர் இங்கிலீஷில் இருந்தது. படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு நொடி வேலை.

பிரகாஷ் முன்னால்தான் நின்றான். தாளை அவன் பக்கம் திருப்பி, "தம்பி, இது எந்தப் பாசேஜுக்குள்ளதுன்னு சித்தப் படிச்சு" என்று வாயெடுத்தேன். அவனுக்குப் பின்னால் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் விளையாட்டாகத்தான் ஒரு வார்த்தை சொன்னான். அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிற மாதிரி இரண்டையும் பார்த்தேன். ஒன்றில் ஏணியையும் ஒன்றில் மீனையும் போட்டேன், சுருக்கி நகல் எடுத்து, நகல்களில் தலைப்பை வெட்டித் தள்ளினேன். சரியாகப் போட்டிருக்கவும் பாதி வாய்ப்பு இருந்தது. அவன் சொன்ன வார்த்தை இதுதான்: "ஏனுங்கக்கா, இங்கிலீஷ் அக்காளுக்கே நான் படிச்சுக் காட்டோணுமா?"

இருபதுக்கு நாலு

கோகிலா ஏணி, மீன் இரண்டையும் ஒரே வாரத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். சாவித் துண்டுகளை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். எப்போதும் கடகடவென்று டிக் அடித்துவிட்டு எழுந்துவிடுவாள். அன்றைக்கு வெகு நேரம் எழவில்லை. மூன்று பஸ் போய்விட்டது. அப்புறம் மேசைக்கு வந்தாள். ஏணியில் இருபதுக்கு நாலு, மீனில் இருபதுக்கு மூணு. "அக்கா, இந்தச் சாவி இதுக்குள்ளதுதானுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கேட்டாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்த நிமிஷம் நான் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்திருக்கலாம், சாரைக் கூப்பிட்டிருக்கலாம். "சார் குடுத்தது அம்மிணி, தப்பா இருக்குமா?" என்றேன். அதோடு விட்டேனா? வரிசையில் கேட்டுக் கேட்டு வைத்திருந்த புத்திமதியை எடுத்துவிட்டேன். "தப்பான விடைக்கு மைனஸ் மார்க் விழும். சந்தேகமா இருந்தா பாசேஜப் பக்கம் போகாத, மத்ததப் போட்டு மார்க்கெடுத்துக்க." இங்கிலீஷ் அக்கா சொன்னால் சரியாகத்தானே இருக்கும். போர்வையைக் கிழித்துத் திரி போட்ட கதையை அவள் வாயால் கேட்ட காது இது. அந்தக் காதை நம்பாமல் ஒரு துண்டுத் தாளை நம்பினேன். கோகிலா தாள்களை மடித்தபடி சொன்னாள்: "நான் இத்தன நாளு கதை கேக்கற மாதிரியே வாசிச்சிருக்கேன் போலிருக்குதுங்கக்கா. பரிட்சைக்கு வாசிக்கற வாசிப்பு வேற போல."

தொடாமல் விட்டது

பரிட்சை சேலத்தில் நடந்தது. முடிவு வந்த வாரம் கோகிலா ஒரு துணிப்பை நிறையப் பழைய செட்டுகளைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். யாராவது இல்லாதவர்கள் கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்றாள். கணக்கிலும் மற்றதிலும் நன்றாக வாங்கியிருந்தாள். இங்கிலீஷில் கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. வெளியாளை அப்பா அந்த வாரமே நிறுத்திவிட்டாராம். சத்தம் போடவில்லை, திட்டவில்லை, பேசிவைத்தபடி நடந்துகொண்டார், அவ்வளவுதான்.

"பாசேஜு ரொம்பக் கஷ்டமா வந்துதா அம்மிணி?" என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். எனக்குப் புரியவில்லை. படித்துப் பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது. நான் மறுபடியும் கேட்டதற்கு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க சொன்னபடி தொடவே இல்லீங்கக்கா."

சங்கடப்படுவீங்கன்னு

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு புதுப் பையன் மீன் செட்டை எழுதி முடித்துவிட்டு வந்து சாவி கேட்டான். மீன் துண்டை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற பிரகாஷ், அதை வாங்கி டப்பாவுக்குள்ளேயே திரும்பப் போட்டுவிட்டு, ஏணித் துண்டை எடுத்து அந்தப் பையன் கையில் கொடுத்து, "இதுதான்டா இதுக்கு" என்று கண்ணடித்தான். நான் பார்த்துவிட்டேன். "என்ன தம்பி அது?" என்றதும் அவன் முகம் மாறியது.

இரண்டு சாவியும் மாறிப்போனதை மாடியில் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்களாம். சார் போர்டில் சரியான விடையை எழுதிப் போட்டு, எல்லோரும் பேனாவால் திருத்திக்கொண்டார்களாம். கிளாஸுக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். கிளாஸுக்கு வராத ஒருத்திக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினேன். "என்கிட்ட ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன். பிரகாஷ் சொன்னது அப்படியே: "நீங்க சங்கடப்படுவீங்கன்னுதாங்கக்கா. உங்குளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும்."

நான் திருத்திய தாள்

கோகிலா விட்டுப்போன துணிப்பை அப்படியே இருந்தது. ஏணியும் மீனும் அடியில் கிடந்தன. அவள் எழுதின விடைகள் பென்சிலில், அவற்றின்மேல் அவளே சிவப்பில் போட்ட பெருக்கல் குறிகள். சார் கொடுத்த, தலைப்பு வெட்டாத அசல் சாவி இரண்டையும் எடுத்து, "இது எந்தப் பாசேஜ்? எனக்குப் படிக்கத் தெரியாது, படிச்சுச் சொல்லு" என்று பிரகாஷிடம் நீட்டினேன். அவன் இரண்டு தரம் படித்துச் சொன்னான். அப்புறம் அவனைப் போகச் சொல்லிவிட்டு நானே உட்கார்ந்தேன். ஏ, பி, சி, டி, மூணு பல் சீப்பு. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துப் பார்த்து டிக் போட்டேன். ஏணியில் பதினேழு. மீனில் பதினெட்டு. தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று மறுபடியும் எண்ணினேன். அதே பதினேழு, அதே பதினெட்டு.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டுக் குமாரபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பேசினால் காது கேட்காது. தலையெல்லாம் பஞ்சோடு கோகிலா வாசலுக்கு வந்தாள். செவுத்தோரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னேன், படிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்து. அவள் தாளை வாங்கி என் கோணல் டிக்குகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனாள். "மீன்ல பதினெட்டுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். கடைசி டிக்கில் விரலை வைத்து மறுபடியும், "பதினெட்டுங்களா?" என்றாள். "என்னைய நல்லாத் திட்டு சாமி" என்றேன்.

அதற்குள் அவள் அப்பா தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிய, ஒல்லியான மனுஷன். திருச்செங்கோட்டு ஜெராக்ஸ் அக்கா, இந்தப் பக்கமாக வந்தார்களாம் என்று கோகிலா சொன்னாள். "வாங்க வாங்க, ஊட்டுக்குள்ள வாங்க, டீ குடிச்சுட்டுப் போலாம்" என்றார். "புள்ளைக்கு அந்தப் படிப்பு வரலீங்க. ஆறு மாசம் கண்ணு முழிச்சுப் பாத்துச்சு. வராததுக்கு என்ன பண்றது? நம்ம மேல தப்பு இல்லீங்களே" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு டீ சொல்ல உள்ளே போனார்.

"இன்னொரு தரம் எழுத விடுங்கன்னு நான் அப்பாகிட்டச் சொல்றேன் அம்மிணி, நடந்தத முச்சூடும் சொல்லிப்போடறேன்" என்று நான் படியேறப் போனேன். கோகிலா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். தாள்களை நாலாக மடித்து என் பைக்குள்ளேயே திணித்தாள். உள்ளே தறி நின்றிருந்ததால் அவள் மெதுவாகச் சொன்னதும் நன்றாகக் கேட்டது: "சொல்லிப்போடாதீங்கக்கா. எனக்கு வராதுன்னு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டாரு. வரும்னு தெரிஞ்சா, ஆள நிறுத்துன கையோட அவரு எப்படீங்க நிம்மதியாத் தறி ஓட்டுவாரு?"

இப்போது யார் என்ன தாள் கொண்டுவந்தாலும் "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இது என்னன்னு படிச்சுச் சொல்லு சாமி" என்று கேட்டுவிட்டுத்தான் மிஷினைத் தொடுகிறேன். ஊரில் இத்தனை பேர் பரிட்சைக்குத் தாள் கொடுத்த நான் உருப்படியாகப் படித்துத் தேறிய ஒரே பாடம் அதுதான், அதில் பெயிலானது மட்டும் இன்னொருத்தி.